ஒரு சிறு சொல்லின் நீண்ட ஓட்டம்

பிற மொழியைக் கற்போரை அச்சுறுத்துவன அம்மொழியின் நீண்ட சொற்களே என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மை அதற்கு மாறானது. 'தெர்மாமீட்டர்' என்ற சொல் நீளமானதுதான்; ஆயினும் வெப்பத்தை அளக்கும் கருவி என்ற ஒரே பொருளைச் சொல்லிவிட்டு அது நின்றுவிடும். அகராதியை ஒரு முறை புரட்டினால் போதும். அதனோடு நமக்குள்ள தொல்லை தீர்ந்தது. ஆங்கிலத்தில் மூன்றே எழுத்துக்களால் ஆன 'ரன்' என்ற சொல் அத்தகையதன்று. 'ஓடு' என்பது அதன் பொருள் என்று ஆங்கிலம் கற்கத் தொடங்கும் முதல் ஆண்டிலேயே படித்துவிடுகிறோம். அதன்பின் ஐம்பது ஆண்டுகள் படித்தாலும் அச்சொல்லை முழுதும் கற்று முடித்தோம் என்று சொல்ல இயலாது.

இது மிகைக் கூற்றன்று என்பதை ஆக்ஸ்போர்டு ஆங்கிலப் பேரகராதியின் வரலாறு காட்டும். ஜேம்ஸ் மர்ரே என்னும் அறிஞரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு உருவான அவ்வகராதியின் முதற் பகுதி 1884-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அது நிறைவெய்தியது 1928-இல். மர்ரே அதனைக் காணாமலே 1915-இல் மறைந்தார். 1989-இல் இரண்டாம் பதிப்பு வெளியானபோது அதில் மிகப் பெரிய இடத்தைப் பெற்றிருந்த சொல் 'செட்' என்பதாகும். அதன் வினைச்சொல் வடிவுக்கு மட்டும் 430 பொருள்கள் கூறப்பட்டிருந்தன. பின்னர், மூன்றாம் பதிப்புக்காகச் சொற்களைத் திருத்தி வந்தவர்கள் 'ரன்' என்ற வினைச்சொல்லை எடுத்துக்கொண்டபோது அதன் பொருள்கள் 645 என்று கணக்கிட்டார்கள். அந்த ஒரு சொல்லைத் திருத்துவதற்குப் பதிப்பாசிரியர் ஒருவர் ஒன்பது மாதங்கள் உழைத்தார் என்ற செய்தி 2011-இல் வெளிவந்தது.

அறுநூற்று நாற்பத்தைந்து பொருள்களையும் மனப்பாடம் செய்தவர் எவரும் இலர், ஆங்கிலேயரும் செய்ததில்லை. ஆயினும் அவர்கள் அச்சொல்லைத் தடுமாற்றமின்றி ஆளுகிறார்கள். அது எவ்வாறு இயலுகிறது? அந்த வழியைத் தெரிந்துகொண்டால், நாமும் பட்டியல்களைச் சுமக்காமல் அச்சொல்லைப் பின்தொடரலாம். நம் நாட்டில் அலுவலக ஆணையும், நீதிமன்றத் தீர்ப்பும், வங்கிக் கடிதமும் இன்றும் பெரிதும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன. அவற்றைத் தமிழில் சொல்லுமிடத்தில் ஒரு சிறு சொல்லைத் தவறாகக் கொண்டால், படிப்பவருக்குப் பெரு நட்டம் நேரக்கூடும். ஆகையால் இது வெறும் சொல் விளையாட்டன்று.

ஒரு சொல்லுக்குப் பல பொருள் உண்டென்பது தமிழர்க்குப் புதிய செய்தியன்று. திரிசொல்லை விளக்க வந்த தொல்காப்பியர், ஒரு பொருளைக் குறிக்கும் பல சொற்கள் என்றும், பல பொருளைக் குறிக்கும் ஒரு சொல் என்றும் அதனை இருவகையாகப் பிரித்தார். மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டில், ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைத் திரட்டிக் கூறுவதற்கென்றே பதினோராம் தொகுதி அமைந்துள்ளது. எனவே நமக்கு அயலான ஒரு பண்பு ஆங்கிலத்தில் இருக்கிறது என்று மலைக்க வேண்டுவதில்லை.

ஆயினும் இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ளவேண்டும். 'ஓடு' என்று தமிழில் சொன்னால் விரைந்து செல்லுதல் என்பது ஒரு பொருள். வீட்டுக் கூரையில் வேயும் ஓடும், ஆமையின் முதுகில் உள்ள ஓடும் வேறு. இவை ஒலியால் ஒத்திருப்பினும் பொருளால் உறவில்லாதவை. இரண்டும் வெவ்வேறு சொற்கள் என்றே கொள்ளவேண்டும். ஆனால் 'ஆறு ஓடுகிறது', 'கடிகாரம் ஓடுகிறது', 'படம் நூறு நாள் ஓடியது' என்னும் தொடர்களில் வருவது ஒரே சொல். குதிரை ஓடுவதிலிருந்து கிளைத்த கிளைகள் இவை. தற்செயலாக ஒத்த சொற்களை மனப்பாடம்தான் செய்யவேண்டும். கிளைத்து வளர்ந்த பொருள்களையோ வேரிலிருந்து தொடர்ந்து சென்று அறியலாம். 'ரன்' என்ற சொல்லின் பொருள்களில் மிகப் பெரும்பாலானவை இரண்டாவது வகையைச் சேர்ந்தவை.

வேர் எது? கால்களால் விரைந்து செல்லுதல். பழைய ஆங்கிலக் காலத்திலேயே இச்சொல் மனிதர் ஓடுவதற்கும் நீர் ஓடுவதற்கும் வழங்கியது. தமிழிலும் அவ்வாறே நீர் ஓடுகிறது, ஓடுவது ஓடை, செல்லும் நீர் நீரோட்டம். இரத்தக் குழாயில் செல்லுவது இரத்த ஓட்டம். இதுவரை இரு மொழிகளும் கைகோத்துச் செல்லுகின்றன.

நீரைப் பற்றிச் சொன்ன சொல்லை நீரைப் போன்ற மற்றவற்றுக்கும் ஆங்கிலம் நீட்டிக்கொண்டது. சளி பிடித்தால் ஆங்கிலத்தில் மூக்கு ஓடுகிறது. தமிழில் அது ஒழுகுகிறது. துணியைத் துவைத்தால் ஆங்கிலத்தில் அதன் நிறம் ஓடுகிறது. தமிழில் சாயம் போகிறது. பேதி கண்டால் ஆங்கிலேயர் பேச்சுவழக்கில் 'ரன்ஸ்' என்கிறார்கள். நாம் வயிற்றுப்போக்கு என்கிறோம். இலங்கைத் தமிழரோ அதனை வயிற்றோட்டம் என்றே வழங்குகிறார்கள். ஒரு வீட்டில் 'ரன்னிங் வாட்டர்' உண்டு என்று ஆங்கில விளம்பரம் சொன்னால், கொல்லைப்புறத்தில் ஓடை இருக்கிறது என்பது பொருளன்று. குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் என்பதே பொருள்.

அடுத்த கிளை சற்று வியப்பானது. அசையாமல் கிடக்கும் பொருளும் ஆங்கிலத்தில் ஓடும். சாலை கடற்கரை வரை ஓடுகிறது. வேலி தோட்டத்தைச் சுற்றி ஓடுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை வடக்கிலிருந்து தெற்கே ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் ஓடுகிறது. மலை ஓடுவதில்லை, அதன் நீளத்தைத் தொடர்ந்து செல்லும் நம் கண்ணே ஓடுகிறது. தமிழில் நாம் 'சாலை போகிறது' என்கிறோம். 'மலை நீண்டு கிடக்கிறது' என்கிறோம். சாலையை நடக்கவிடும் தமிழ், மலையைப் படுக்கவைக்கிறது. இவ்விடத்தில் சொல்லுக்குச் சொல் மாற்றினால், மலையை ஓடவிட்ட குற்றம் மொழிபெயர்ப்பாளரைச் சேரும்.

இயந்திரங்கள் பெருகிய காலத்தில் இச்சொல்லின் ஆட்சியும் பெருகியது. ஆலை ஓடியது, நீராவி எஞ்சின் ஓடியது, ரயில் ஓடியது. பம்பாயிலிருந்து தாணாவுக்கு 1853-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் பயணிகளுடன் முதல் ரயில் புறப்பட்டதிலிருந்து நம் நாட்டிலும் அச்சொல் தண்டவாளத்தில் ஏறிக்கொண்டது. இன்றும் ரயில்வேயில் 'ரன்னிங் ஸ்டாப்' என்றால் ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் பணிபுரிவோர் என்று பொருள். 'ரன்னிங் ரூம்' என்பது ஓடும் அறையன்று; வண்டியைச் செலுத்தி வந்தவர்கள் அடுத்த வண்டி வரையில் உண்டு உறங்கி இளைப்பாறும் அறை. ஓட்டத்தின் பெயரைத் தாங்கிய அவ்வறையில் நடப்பதெல்லாம் ஓய்வுதான்! கணிப்பொறி வந்தபின் நிரல்களும் ஓடத் தொடங்கின. இயந்திரம் எத்துணை புதிதாயினும் பழைய சொல்லே அதற்குப் போதுமானதாக இருக்கிறது.

இங்கே இலக்கணத்தையும் சிறிது நோக்க வேண்டும். தமிழில் தானாக இயங்குவது 'ஓடு'. பிறவற்றை இயக்குவது 'ஓட்டு'. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வடிவம் ஒன்றே. ஆகவே 'ரன்' என்னும் சொல்லைக் கண்டதும், அது தன்வினையா பிறவினையா என்று முதலில் கேட்கவேண்டும். ஒருவர் ஓடுகிறாரா, ஒன்றை ஓட்டுகிறாரா? பள்ளி, கடை, செய்தித்தாள், அரசாங்கம் ஆகியவற்றை ஒருவர் 'ரன்' செய்கிறார் என்றால் அவற்றை நடத்துகிறார் என்று பொருள்.

'ஓட்டுகிறார்' என்று இங்கே எழுதலாகாதா? எழுதினால் பொருள் மாறிவிடும். 'குடும்பத்தை ஓட்டுகிறார்' என்ற தமிழில் வறுமையின் நிழல் உண்டு. வருவாய் போதாமல் எப்படியோ நாளைக் கடத்துகிறார் என்பது குறிப்பு. ஆங்கிலத்தில் வீட்டை 'ரன்' செய்யும் அம்மையார் அதனைத் திறமையாக நிருவகிக்கிறார். 'கடையில் ஈ ஓட்டுகிறார்' என்றாலோ வியாபாரமே இல்லை என்பது பொருள். அகராதியில் ஒத்த சொல்லாகத் தோன்றுவது, வாக்கியத்தில் ஒருவருடைய மதிப்பையே குறைத்துவிடக் கூடும்.

இச்சொல்லின் பொருளை மாற்றும் மற்றொன்று, அதன் பின்னே வந்து ஒட்டிக்கொள்ளும் சிறு சொல். 'அவுட்' சேர்ந்தால் தீர்ந்துபோதல். சர்க்கரை தீர்ந்தது, பொறுமை தீர்ந்தது. கிரிக்கெட்டிலோ அதே 'ரன் அவுட்' என்பது ஓடும் வழியில் ஆட்டம் இழத்தல். 'ஓவர்' சேர்ந்தால் வண்டி ஒருவர்மேல் ஏறியது என்றும் பொருள். பாத்திரம் நிரம்பி வழிந்தது என்றும் பொருள். நிகழ்ச்சி குறித்த நேரத்தைக் கடந்தது என்றும் பொருள். 'டவுன்' சேர்ந்தால் மின்கலம் வலுவிழக்கும், கட்டடம் பாழடையும், மனிதர் களைத்துச் சோர்வார், அன்றி, ஒருவரை மற்றொருவர் இழித்துப் பேசுவார். 'இன்டு' சேர்ந்தால் வழியில் நண்பரைத் தற்செயலாகச் சந்திக்கலாம். வண்டி கம்பத்தில் மோதலாம். செலவு கோடிக்கணக்காக உயரலாம். நண்பரைச் சந்தித்த செய்தியைக் கேட்டு, அவர்மேல் மோதிவிட்டதாக எண்ணி மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு புறப்படுபவர், சொல்லை அறிந்து துணைச்சொல்லை அறியாதவர்.

தமிழில் இந்த வேலையைத் துணைவினைகள் செய்கின்றன. 'ஓடிவா' என்பதில் அழைப்பு உண்டு. 'ஓடிப்போ' என்பதில் விரட்டுதல் உண்டு. 'ஓடிப்போனார்கள்' என்றால் பெற்றோர் அறியாமல் செய்துகொண்ட திருமணமும் உண்டு. 'ஓடியாடி' என்பதில் சுறுசுறுப்பு உண்டு. 'கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை' என்று நாம் சொல்லுவதை ஓர் ஆங்கிலேயர் சொல்லுக்குச் சொல் மாற்றிப் படித்தால், கைகள் எப்போது ஓடும் என்று திகைப்பார். பதற்றத்தில் செய்வதறியாது நின்ற நிலை அவருக்கு விளங்காது. அவருடைய மொழியின்முன் நாம் படும் பாட்டை, நம் மொழியின்முன் அவரும் படவேண்டியதுதான்.

விளையாட்டுக் களமும் இச்சொல்லை வளர்த்திருக்கிறது. கிரிக்கெட்டில் மட்டையாளர் இருவர் 22 கெச நீளமுள்ள ஆடுகளத்தில் இடம் மாறி ஓடுவதே 'ரன்' எனப்பட்டது. ஆனால் பந்து எல்லைக் கோட்டைக் கடந்தால் ஓடாமலேயே நான்கு அல்லது ஆறு ஓட்டங்கள் கிடைக்கும். ஓட்டம் என்பது கால்களின் செயலாயிருந்து கணக்கின் அலகாகிவிட்டது. ஆஸ்திரேலிய வீரர் டான் பிராட்மன் 1948-இல் லண்டன் ஓவல் மைதானத்தில் தம் கடைசி டெஸ்ட் ஆட்டத்தில் நான்கு ஓட்டங்கள் எடுத்திருந்தால், அவருடைய சராசரி நூறை எட்டியிருக்கும். அவர் ஓட்டமின்றி ஆட்டமிழந்தார், சராசரி 99.94-இல் நின்றது. அந்த நான்கையும் ஓடாமலேயே ஓர் அடியில் அவர் பெற்றிருக்கக் கூடும்.

பந்தயங்களிலிருந்து வந்த மரபுத்தொடர்களும் பல. குதிரைப் பந்தயச் செய்தியில் முதல் மூன்று இடங்களைப் பெற்ற குதிரைகளின் பெயரை முன்னே கூறிவிட்டு, எஞ்சியவற்றை 'இவையும் ஓடின' என்று பத்திரிகைகள் அச்சிடும். அதிலிருந்து 'ஆல்சோ ரான்' என்ற தொடர் பிறந்தது. போட்டியில் கலந்துகொண்டும் பொருட்படுத்தத் தகாதவராய்ப் போனவரை அது குறிக்கும். 'ரன்னர் அப்' என்பது முயலைத் துரத்தும் வேட்டை நாய்ப் பந்தயத்தில், இறுதிச் சுற்றில் மட்டும் தோற்ற நாய்க்கு முதலில் வழங்கிய பெயர். இன்று இரண்டாம் பரிசு பெறும் பெருமக்கள் அப்பெயரை மகிழ்வுடன் ஏற்றுக்கொள்கிறார்கள். 'ரன் ஆப் த மில்' என்றால் ஆலையிலிருந்து தரம் பிரிக்கப்படாமல் வரும் சரக்கு. அதாவது சிறப்பொன்றும் இல்லாத சாதாரணப் பொருள்.

'காண்ட்லெட்' என்பதை ஓடிக் கடத்தல் என்ற தொடர் ஒன்று உண்டு. நாற்புறமும் எழும் தாக்குதலையும் பழிச்சொல்லையும் தாங்கிக்கொண்டு செல்லுதல் அதன் பொருள். 'காண்ட்லெட்' என்றால் ஆங்கிலத்தில் போர்வீரர் அணியும் கையுறை. கையுறையை எப்படி ஓடிக் கடப்பது என்று கேட்டால் விடையில்லை. ஏனெனில், இது வேறொரு சொல். இரு வரிசையாக நிற்கும் வீரர்கள் அடிக்க, குற்றம் செய்த வீரன் அவர்களிடையே ஓடவேண்டும் என்பது பழங்காலப் படைகளில் வழங்கிய தண்டனை. அதற்கு ஸ்வீடிஷ் மொழியில் இருந்த பெயருக்குச் சந்து வழியே ஓடுதல் என்று பொருள். பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலத்துள் புகுந்த அப்பெயர், நாளடைவில் கையுறையின் பெயரோடு ஒலியில் கலந்துவிட்டது. கூரை ஓட்டையும் குதிரையின் ஓட்டத்தையும் ஒன்றாக எண்ணுவது போன்ற மயக்கம் அங்கேயும் நேர்ந்திருக்கிறது.

சில மரபுத்தொடர்களுக்குத் தமிழில் வேறு உருவங்கள் ஆயத்தமாக இருக்கின்றன. முயலோடு ஓடிக்கொண்டே வேட்டை நாய்களோடும் சேர்ந்து வேட்டையாடுபவனை ஆங்கிலம் பழிக்கிறது. பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் விலாங்கு என்று நாம் பழிக்கிறோம். அமைதியான நீர் ஆழமாக ஓடும் என்கிறது ஆங்கிலப் பழமொழி; நிறைகுடம் தளும்பாது என்கிறோம் நாம். 'டிரையல் ரன்' என்பதற்குச் சோதனை ஓட்டம் என்று புதிதாகச் சொல் படைத்தார்கள். அதற்கு முன்னரே நம்மிடம் வெள்ளோட்டம் என்ற அழகிய சொல் இருந்தது. புதிய தேரைத் திருவிழாவுக்கு முன் ஓட்டிப் பார்ப்பது வெள்ளோட்டம். புதிய இயந்திரத்துக்கும் அச்சொல்லே பொருந்தும்.

தேர்தலைப் பற்றிய வழக்கு மிகவும் சுவையானது. அமெரிக்காவில் வேட்பாளர் தேர்தலுக்கு 'ஓடுகிறார்'. பிரிட்டனில் அதே வேட்பாளர் 'நிற்கிறார்'. மொழி ஒன்றாயினும் ஓரிடத்தில் ஓட்டம், ஓரிடத்தில் நிலை. தமிழிலும் வேட்பாளர் தேர்தலில் நிற்கிறார். அமெரிக்கச் செய்தியை மொழிபெயர்ப்பவர், ஒருவர் குடியரசுத் தலைவர் பதவிக்கு 'ஓடுகிறார்' என்று எழுதினால், பதவியை விட்டு ஓடுகிறாரோ என்று தமிழ் வாசகர் ஐயுறுவார். அந்நாட்டில் துணைத் தலைவர் பதவிக்கு உடன் போட்டியிடுபவரை 'ரன்னிங் மேட்' என்பார்கள். முன்பு குதிரைப் பந்தயத்தில் தன் லாயத்துக் குதிரைக்கு வேகம் வகுத்துத் தருவதற்காக உடன் ஓடிய குதிரைக்கு அப்பெயர் வழங்கியது.

இனி, பிழை பொறுக்க முடியாத இரண்டு இடங்களைப் பார்ப்போம். முதலாவது சட்டம். இரு குற்றங்களுக்காக ஒருவருக்கு மூன்று ஆண்டும் இரண்டு ஆண்டும் சிறைத்தண்டனை விதிக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவை ஒன்றன்பின் ஒன்றாக 'ஓடும்' என்றால் அவர் ஐந்து ஆண்டு சிறையில் இருக்கவேண்டும். ஒருங்கே 'ஓடும்' என்று நீதிமன்றம் ஆணையிட்டால் மூன்று ஆண்டில் இரண்டும் முடிந்துவிடும். இங்கே ஓடுவது காலம். தண்டனைகள் ஓடும் என்று மட்டும் எழுதி, எவ்வாறு ஓடும் என்பதை மொழிபெயர்ப்பாளர் விட்டுவிட்டால், ஒரு மனிதரின் இரண்டு ஆண்டு வாழ்க்கை அவ்விடைவெளியில் விழுந்துவிடும்.

1963-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டத்திலும் இச்சொல் ஆளப்படுகிறது. வழக்குத் தொடுப்பதற்குரிய காலம் ஒரு முறை ஓடத் தொடங்கிவிட்டால், அதன்பின் நேரும் இயலாமை அதனைப் பொதுவாக நிறுத்தாது என்பது அதன் விதி. கேட்டவுடன் கொடுக்கவேண்டிய பிராமிசரி நோட்டுக்குப் பொதுவாக எழுதிய நாளிலிருந்து மூன்று ஆண்டுக் காலம் ஓடுகிறது. நோட்டுப் பெட்டியில் அசையாமல் கிடக்கிறது, காலமோ ஓடிக்கொண்டிருக்கிறது. இதனை அறியாமல் கடன் கொடுத்தவர் காத்திருந்தால், வழக்குத் தொடுக்கும் உரிமையை இழப்பார்.

இரண்டாவது வங்கி. 'ரன் ஆன் த பேங்க்' என்று ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு தலைப்பு வருகிறது. இதன் பொருள், வங்கி நிலைக்காது என்ற அச்சத்தால், பணம் போட்டவர்கள் அனைவரும் ஒரே நேரத்தில் அதனைத் திரும்பப் பெற விரைகிறார்கள் என்பது. ஓடுபவர்கள் மக்கள், வங்கியன்று. இதனை அரைகுறையாகப் புரிந்துகொண்ட ஒருவர், 'வங்கி ஓட்டம்' என்று எழுதினால் என்ன ஆகும்? தமிழில் 'கம்பெனி நன்றாக ஓடுகிறது' என்றால் செழிக்கிறது என்று பொருள். 'கம்பெனி ஓடிவிட்டது' என்றால் மக்களுடைய பணத்தைச் சுருட்டிக்கொண்டு நடத்தியவர்கள் மறைந்தார்கள் என்று பொருள். ஒரே செய்தியைப் படித்து, வங்கி செழிக்கிறது என்று ஒருவர் மகிழ்வார். வங்கி பணத்தோடு ஓடிவிட்டது என்று மற்றொருவர் அலறுவார். இரண்டும் உண்மையன்று, இரண்டுமே கேடு விளைக்கக் கூடியவை.

வங்கிகளின் திறத்தில் வதந்தி எத்துணை வல்லமை உடையதென்பதை வரலாறு காட்டியுள்ளது. எந்த வங்கியும் மக்கள் போட்ட பணம் முழுவதையும் பெட்டியில் பூட்டி வைத்திருப்பதில்லை. பெரும்பகுதியைக் கடனாகக் கொடுத்திருக்கும். ஆகையால் எல்லோரும் ஒரே நாளில் வந்து கேட்டால், நல்ல நிலையில் உள்ள வங்கியும் தள்ளாடும். 1960 ஆகஸ்டில் கேரளத்தில் பாலை சென்ட்ரல் வங்கி மூடப்பட்டபோது, அச்சம் அதனோடு நில்லாமல் பிற வங்கிகளில் பணம் போட்டவர்களையும் பற்றிக்கொண்டது. இத்தகைய பீதியைத் தணிப்பதற்காகவே 1961-இல் வைப்புத்தொகைக் காப்பீட்டுச் சட்டம் இயற்றப்பட்டு, 1962 ஜனவரி முதல் நாள் தொட்டு அக்காப்பீடு நடைமுறைக்கு வந்தது. ஒருவருக்கு ஒரு வங்கியில் 1,500 ரூபாய் வரையில் என்று தொடங்கிய அந்தப் பாதுகாப்பு, 2020 பிப்ரவரியில் ஐந்து லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. பிரிட்டனிலும் 2007 செப்டம்பரில் நார்தர்ன் ராக் என்ற வங்கியின் கிளைகளின்முன் மக்கள் நீண்ட வரிசையில் நின்றார்கள். அவர்களும் ஓடவில்லை, நின்றுகொண்டுதான் இருந்தார்கள். ஆயினும் ஆங்கிலத்தில் அதன் பெயர் ஓட்டமே. அதனைத் தமிழில், 'வங்கியிலிருந்து பணத்தைத் திரும்பப் பெற மக்கள் முண்டியடித்தனர்' என்று எழுதிவிட்டால் ஐயத்துக்கு இடமில்லை. நான்கு சொற்களாக இருந்தது ஆறு சொற்களாகட்டும். அதனால் இழப்பொன்றும் இல்லை.

இவ்வளவும் தெரிந்தபின், ஆங்கிலம் கற்கும் மாணவரும் மொழிபெயர்க்கும் அலுவலரும் செய்யத்தக்கது யாது? 'ரன்' என்பதைக் கண்டவுடன் நான்கு கேள்விகளைக் கேட்கலாம். ஓடுவது எது: மனிதரா, நீரா, இயந்திரமா, காலமா? தானே ஓடுகிறதா, பிறர் ஓட்டுகிறார்களா? பின்னே ஒட்டியுள்ள சிறு சொல் யாது? இப்பேச்சு எத்துறையைச் சார்ந்தது: விளையாட்டா, சட்டமா, மருத்துவமா, வாணிகமா? இந்நான்குக்கும் விடை கிடைத்தால், அகராதி கூறும் நூற்றுக்கணக்கான பொருள்களில் ஏறத்தாழ எல்லாம் விலகி, ஒன்றோ இரண்டோ எஞ்சி நிற்கும். பின்பு, அந்நிலையில் ஒரு தமிழர் இயல்பாக என்ன சொல்லுவார் என்று எண்ணிப் பார்க்கவேண்டும். காய்ச்சலை ஆங்கிலேயர் 'ஓட்டுவார்'. தமிழர்க்குக் காய்ச்சல் 'அடிக்கும்'. அங்கே ஓட்டமும் இல்லை, இங்கே அடியும் இல்லை. உடம்பு சுடுகிறது என்பது ஒன்றே உண்மை.

மாணவர்கள் குறிப்பேட்டில் 'ரன்: ஓடு' என்று ஒரு வரியோடு நிறுத்திவிடாமல், சொல்லை அதன் துணையோடு சேர்த்து எழுதி வருவது நலம். தண்டனை ஓடுதல், சாயம் ஓடுதல், பள்ளியை நடத்துதல், சர்க்கரை தீர்தல் என்று வாக்கியம் வாக்கியமாகச் சேர்த்தால், சில மாதங்களில் சொல்லின் குணம் பிடிபட்டுவிடும். ஒரு மனிதரை அவருடைய நண்பர்களைக் கொண்டு அறிவதுபோலச் சொல்லையும் அதன் கூட்டாளிகளைக் கொண்டு அறியலாம்.

இம்முயற்சியால் மற்றொரு பயனும் உண்டு. ஆங்கிலச் சொல்லொன்றைத் துருவிப் பார்க்கும்போது நம் சொற்களும் கண்ணில் படத் தொடங்குகின்றன. கண்ணோட்டம் என்பது திருக்குறளில் இரக்கத்தைக் குறிக்கும் ஓர் அதிகாரத்தின் பெயர். இன்று அதனை நோக்கு என்ற பொருளிலேயே பெரிதும் வழங்குகிறோம். பார்வை பிறர்பால் ஓடுவதே இரக்கம் என்று எண்ணிய மொழி நம்முடையது. நாள்தோறும் பேசும் சிறு சொற்களில் இத்தகைய செல்வங்கள் எத்தனையோ மறைந்து கிடக்கின்றன. இன்று மாலைக்குள் 'ஓடு' என்ற சொல்லை நம் வீட்டார் எத்தனை பொருளில் ஆளுகிறார்கள் என்று காதுகொடுத்துக் கேட்டு எண்ணிப் பாருங்கள். பத்தைத் தாண்டுவது எளிது.